தங்கவயல் தந்த இரும்புக் குழாய்: பாதாளத்தில் பழகி மேகத்தை அளந்த கருவி

தங்கவயல் என்ற பெயரைச் சொன்னால் வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு உறவு முறை வந்துவிடும். யாராவது ஒரு தாத்தா, ஒரு பெரியப்பா, ஒரு தாய்மாமன் அங்கே மைன்ஸில் வேலை பார்த்திருப்பார். மாரிக்குப்பம், கோரமண்டல், சாம்பியன் ரீஃப், ஊரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று ஊர்ப் பெயர்கள் அடுக்கடுக்காக வரும். ஷிப்டுக்குச் சங்கு ஊதியது, சைனைடு மேட்டில் விளையாடியது, லைன் வீட்டு வாழ்க்கை எல்லாம் பேச்சில் வரும். தங்கத்தின் வரலாறு இத்தகைய மலர்களில் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆகவே இந்தக் கட்டுரையில் தங்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அதே சுரங்கத்தில் இறங்கிய வேறொரு பொருளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது ஓர் இரும்புக் குழாய். இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஓர் உணர்கருவி. கோலாரில் பாதாளத்தில் பழகிய அந்த வகைக் குழாய், பிற்காலத்தில் ஊட்டி மலையில் இருந்துகொண்டு ஓர் இடிமேகத்தின் உள்ளே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளந்து சொன்னது. பாதாளத்துக்கும் மேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

முதலில் சுரங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் கோலாரில் வந்து இறங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த தமிழர்கள்தான் ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர். அவர்களிலும் தாழ்த்தப்பட்ட மக்களே அதிகம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகருக்கே அப்போது மின்விளக்கு கிடையாது. தங்கம் ஓடிய வழியே மனிதர்களும் கீழே கீழே போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டியது. அவ்வளவு கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தித்தான் மனிதன் நிற்க முடியும். ராக் பர்ஸ்ட் என்று சொல்லப்படும் பாறை வெடிப்பில் உயிர் போனவர்களின் கதை தங்கவயலில் எந்தத் தெருவில் கேட்டாலும் கிடைக்கும்.

இந்த ஆழம்தான் விஞ்ஞானிகளை இழுத்தது.

வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் இரவு பகலாக நம் மீது பொழிந்துகொண்டே இருக்கின்றன. அவை காற்று மண்டலத்தில் மோதி உடையும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. உள்ளங்கையை விரித்து ஒரு நிமிடம் நீட்டினால் ஏறக்குறைய நூறு மியூவான்கள் அதன் வழியே போய்விடும். நமக்கு ஒன்றும் தெரியாது. கூரை தடுக்காது, மாடி தடுக்காது. ஆனால் பாறை, அதுவும் நூற்றுக்கணக்கான மீட்டர் பாறை இருந்தால், பலம் குறைந்த மியூவான்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். எவ்வளவு ஆழத்தில் எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணினால், அவை எவ்வளவு பலத்தோடு புறப்பட்டன என்று கணக்கிடலாம். இதற்கு வேண்டியது இரண்டு: ஆழமான குழி, துகளை எண்ணும் கருவி. குழியை நம்மவர்கள் ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தார்கள். கோலார்ப் பாறை சாதாரணப் பாறையைவிட அடர்த்தி கூடியது, தண்ணீரைப் போல் மூன்று மடங்கு. ஆகவே ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் தடுப்பு கூடுதல்.

1951 வாக்கில் டாக்டர் ஹோமி பாபாவின் யோசனைப்படி, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இளைஞர் பி.வி. ஸ்ரீகண்டன் கோலார்ச் சுரங்கத்துக்கு வந்தார். அவரோடு இந்தப் பணியில் எஸ். நாரணன், பி.வி. ரமணமூர்த்தி ஆகியோரும் சேர்ந்தார்கள். நாரணன் தமிழர், ஓய்வு பெற்ற பிறகு நம் வீட்டு வாசல் புள்ளிக் கோலங்களில் ஃபிபனாச்சி எண்களை வைத்துக் கணிதக் கட்டுரைகள் எழுதியவர். பாதாளத்தில் துகள் எண்ணியவர் வாசலில் புள்ளி எண்ணியது ஒரு சுவையான பொருத்தம்!

அந்தக் காலத்தில் கருவியைக் கடையில் வாங்க முடியாது. நாடு விடுதலை பெற்று நான்கே வருடம். அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. கைகர் எண்ணிக்கைக் குழாய்கள், அவற்றுக்கு வேண்டிய மின்சுற்றுகள் எல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே செய்யப்பட வேண்டியிருந்தன. செய்தவன் கையில் கருவி இருந்தால் பழுதானாலும் அவனே பிரித்து மாட்டுவான். பூமிக்கடியில் சர்வீஸ் இன்ஜினியரை எங்கே தேடுவது? இந்தப் பழக்கம் கோலார் சோதனைகள் முழுவதிலும் தொடர்ந்தது. என் கணிப்பில் தங்கவயலின் அறிவியல் வரலாற்றில் மிக முக்கியமான சங்கதி இதுதான். கண்டுபிடிப்புகள் அதற்குப் பின்னால் வந்தவை.

1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மியாகேயும் வி.எஸ். நரசிம்மமும் ரமணமூர்த்தியும் சேர்ந்து இன்னும் கீழே போனார்கள். சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை. சாதாரணமாக ஒன்றும் அகப்படாவிட்டால் சோதனை தோற்றது என்போம். இங்கே அதுவே பெரிய செய்தியாகிவிட்டது. மேலிருந்து வரும் இரைச்சல் இவ்வளவு அடங்கிய இடம் என்றால், நியூட்ரினோவைத் தேட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எம்.ஜி.கே. மேனன் முதலானோர் முடிவு செய்தார்கள்.

நியூட்ரினோ பூமியையே ஊடுருவிப் போகும் துகள். காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது அதுவும் பிறக்கிறது. கோடானுகோடியில் ஒன்று பாறையில் மோதி ஒரு மியூவானை உண்டாக்கலாம். அந்த மியூவானை மற்ற மியூவானிலிருந்து எப்படிப் பிரிப்பது? இங்கேதான் கருவி செய்தவர்களின் சாமர்த்தியம். மேலிருந்து தப்பி வரும் மியூவான் செங்குத்தாகத்தான் வர முடியும். பக்கவாட்டில் வரவேண்டுமானால் பல கிலோமீட்டர் பாறையைக் கடக்க வேண்டும், அது நடக்காது. ஆகவே பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால் அது அருகிலிருந்த பாறையில் நியூட்ரினோ உண்டாக்கியது. இதற்காகக் கருவிகளைத் தரையில் பாய் விரித்தாற்போல் பரப்பாமல், எதிரெதிராக இரண்டு சுவர்களாக நிறுத்தினார்கள். துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள், அவற்றுக்கு இடையே இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்து உல்ஃபென்டேல் குழுவினர் கொண்டுவந்த நியான் ஒளிர்குழாய்கள். இடம் சுமார் 2,300 மீட்டர் ஆழம்.

1965இல் கிடைத்தது. டாடா நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் மூன்றையும் சேர்ந்த 11 பேரின் கட்டுரை 'ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் 1965 ஆகஸ்ட் 15ஆம் தேதி வெளியானது. நம் சுதந்திர தினத்தன்று! இரண்டு வாரம் கழித்து அமெரிக்க விஞ்ஞானி ரெய்ன்ஸ் தலைமையிலான குழுவின் கட்டுரை வந்தது. அவர்கள் தேடிய இடமும் தங்கச் சுரங்கமே, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் சுரங்கம். நிகழ்ச்சியை முதலில் பதிவு செய்தவர்கள் அவர்கள், அச்சில் முந்தியவர்கள் கோலார்க்காரர்கள். காற்று மண்டல நியூட்ரினோவைக் கண்ட பெருமையை உலகம் இரு குழுவுக்கும் சேர்த்தே தருகிறது, அதுதான் நியாயமும்கூட. இரண்டு இடத்திலும் பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்கள் தோண்டிய குழி என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் குழாய்க்கு வருவோம்.

1970களின் நடுவில் இயற்பியலில் ஒரு புதிய கொள்கை எழுந்தது. அணுவின் கருவில் இருக்கும் புரோட்டானும் அழியாதது அல்ல, என்றாவது ஒருநாள் சிதையும் என்றது அது. ஒரு புரோட்டான் சிதைய ஆகும் காலம் 1 போட்டு 31 சுழியம் சேர்த்த அத்தனை வருடம் என்று கணக்குப் போட்டார்கள். அவ்வளவு காலம் யார் உட்கார்ந்து பார்ப்பது? ஆனால் நூறு டன் இரும்பில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையும் அதே மாதிரி பூதாகாரமானது. நூறு டன்னையும் கண்கொட்டாமல் பார்த்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டாவது சிதையலாம். அதற்காக உலகிலேயே முதன்முதலில் தனிக் கருவி அமைத்துக் காத்திருந்த இடம் கோலார். 1980ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வேலை தொடங்கியது. மொத்த எடை 140 டன்.

அந்தக் கருவியின் உறுப்பு எது தெரியுமா? வீட்டு கேட்டுக்கும் ஷெட்டுக்கும் போடுகிறோமே, சதுர இரும்பு பைப், ஏறக்குறைய அதுதான். அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், நீளம் 4 மீட்டர் அல்லது 6 மீட்டர். குழாயின் நடுவே மயிரிழை போன்ற ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, இரு முனையையும் மூடி, உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட்டு ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயுவை அடைக்க வேண்டும். கம்பிக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். மின்னூட்டம் உள்ள ஒரு துகள் குழாயைக் கடந்தால் வாயுவிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து கம்பியை நோக்கி ஓடும். ஓடும் வழியில் மேலும் மேலும் எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். கம்பியில் ஒரு சிறு மின்துடிப்பு வரும். எந்தக் குழாயில் துடிப்பு வந்தது என்று வரிசையாகப் பார்த்தால் துகள் வந்த பாதை கோலத்தில் இழுத்த கோடு மாதிரி தெரிந்துவிடும்.

கேட்பதற்குச் சுலபம். செய்வதில்தான் உயிர் போகும். வெல்டிங்கில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்க் குழாய் குருடாகிவிடும். கம்பி நடுவிலிருந்து தளர்ந்து தொங்கினாலும் கெட்டது. ஒன்றிரண்டு செய்தால் போதாது; முதல் கருவிக்கு 1,594 குழாய்கள். அவற்றை ஒரு அடுக்குக்கு அடுத்த அடுக்கு குறுக்காக 34 அடுக்குகளாக வைத்து, இடையிடையே இரும்புத் தகடுகள் போட்டார்கள். 1985 வாக்கில் அமைந்த இரண்டாவது கருவிக்கு ஏறக்குறைய 4,000 குழாய்கள். குழாயை ஆயிரக்கணக்கில் தரம் குன்றாமல் செய்யும் பட்டறை வித்தை இதனால் கைவந்தது.

இத்தனையும் எப்படிக் கீழே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 140 டன் இரும்பும் சுரங்கத்தின் ஷாஃப்ட் வழியாகத்தான் இறங்க வேண்டும். வேறு பாதை கிடையாது. கேஜ் இயக்கியவர், இரும்பைத் தள்ளுவண்டியில் தள்ளியவர், பாறையைக் குடைந்து கூடம் அமைத்தவர், கூரை இடிந்து விழாமல் முட்டுக் கொடுத்தவர், மின்சாரம் போனால் ஓடி வந்தவர், தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தவர் எல்லோரும் சுரங்கத் தொழிலாளர்கள். சுரங்கத்தில் இரும்பு இறக்குவது விஞ்ஞானிக்குத் தெரிந்த வேலை அல்ல. எந்தப் பாறை பேசும், எந்தப் பாறை வெடிக்கும் என்று காதால் அறிந்தவர்கள் அவர்கள். ஆராய்ச்சிக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இவர்கள் பெயர் வருவதில்லை, அந்தத் துறையின் வழக்கம் அப்படி. நம் சங்கத்து மலர் வேறு வகைப் புத்தகம். இங்கே அவர்களைக் குறிப்பிடாமல் போனால் அது வரலாறாகாது. "கீழே தங்கத்தைத் தவிர வேற என்ன தாத்தா இருந்துச்சு?" என்று பேரப்பிள்ளை கேட்டால், "பம்பாய்க்காரங்க மெஷின் ஒண்ணு இருந்துச்சுப்பா, நாங்கதான் எறக்கிக் கொடுத்தோம்" என்று சொல்லத் தகுதியுள்ள பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கலாம். இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள்.

புரோட்டான் சிதைந்ததா? சில நிகழ்ச்சிகளை அப்படி இருக்கலாம் என்று கோலார்க் குழு அறிவித்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் வந்த மிகப் பெரிய கருவிகள், குறிப்பாக 1996இல் தொடங்கிய ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே, அப்படி எதையும் காணவில்லை. ஆகவே கோலாரில் கண்டது சிதைவு என்று இன்று யாரும் ஏற்பதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் தேடியவர்கள் அவர்கள்.

சுரங்கத்தில் தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. ஆழ மட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1992இல் பாதாள ஆய்வு நின்றது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் கதவடைத்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வாழ்க்கைக்கு வந்தன. தண்ணீர் இறைப்பது நின்ற சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது.

குழாய் செய்யும் கலை மூழ்கவில்லை. அது மலையேறியது.

உதகமண்டலத்தில், கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டர் உயரத்தில், டாடா நிறுவனத்துக்கு ஒரு காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே கிரேப்ஸ்-3 என்ற பெயரில் அமைந்த சோதனையில் ஜப்பானியக் கூட்டாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். தரையில் சுமார் 400 ஒளிரும் பலகைகள். பக்கத்தில் மியூவான்களுக்கென்று தனிக் கூடம். அந்தக் கூடத்தின் உறுப்பு நமக்குத் தெரிந்ததுதான்: 6 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் சதுரம், கோலாரில் பழகிய அதே வகை இரும்புக் குழாய். 16 பகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு அடுக்காக 232 குழாய்கள், ஆகமொத்தம் 3,712. பரப்பு 560 சதுர மீட்டர். கோலாரில் பாறை செய்த வேலையை இங்கே குழாய்களின் மேல் அடுக்கிய 2 மீட்டர் கனக் கான்கிரீட் செய்கிறது. பலமில்லாத துகள்கள் அதிலேயே நின்றுவிடும், மியூவான் மட்டும் வரும். கோலாரின் ஆழத்தில் வாரக்கணக்கில் ஒன்றும் வராமல் காத்திருந்தார்கள் அல்லவா? ஊட்டியில் நிமிடத்துக்கு 25 லட்சம் மியூவான்கள் வருகின்றன.

இங்கே மேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேகத்தை அளப்பது என்றால் வானிலை நிலையங்களில் பழைய முறை கண்ணால் பார்ப்பது. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். இப்போது வீட்டிலேயே செய்பவர்கள் உண்டு. தூரத்திலிருந்து வெப்பம் காட்டும் சிறிய அகச்சிவப்பு உணர்கருவியை வானத்தைப் பார்த்து வைத்தால், தெளிந்த வானம் மிகக் குளிர்ச்சியாகக் காட்டும், மேகம் வந்தால் எண் சட்டென்று ஏறும். மேகம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இது போதும். ஆனால் இடிமேகத்தின் உள்ளே எவ்வளவு மின்னழுத்தம் சேர்ந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. ஸ்காட்லாந்துக்காரர் சி.டி.ஆர். வில்சன் 1894இல் பென் நெவிஸ் மலையுச்சியில் மேகம் பார்த்து மயங்கி, அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் செய்து பார்க்க முயன்று, கடைசியில் துகள்களின் பாதையைக் காட்டும் முகில் அறையை உருவாக்கியவர்; 1927இல் நோபல் பரிசு பெற்றார். அதே வில்சன் 1929இல், இடிமேகத்தில் 100 கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் சேரலாம் என்று கணித்தார். பலூனும் விமானமும் அனுப்பி அளந்தவர்களுக்குக் கிடைத்தது அதிகபட்சம் 13 கோடி வோல்ட்தான். பலூன் மேகத்தின் ஒரே ஒரு கோட்டில் ஏறிப் போகிறது; மேகமோ ஊர் அகலத்துக்கு மேல் பரந்து ஓடுகிறது. ஒரு குச்சியை விட்டு ஏரியின் ஆழம் பார்ப்பது போல.

மியூவானுக்கு அந்தக் குறை இல்லை. மேகம் முழுவதையும் துளைத்துக்கொண்டு வருகிறது. மியூவானில் நேர்மின்னூட்டம் உள்ளது ஒன்று, எதிர்மின்னூட்டம் உள்ளது ஒன்று; நேர்மின் வகை எண்ணிக்கையில் சற்று அதிகம். மேகத்தின் மின்புலம் ஒரு வகையின் வேகத்தைக் கூட்டி மற்றதைக் குறைக்கும். பலம் குறைந்தவை கான்கிரீட்டைத் தாண்டி வராது. இரண்டு வகையும் சம எண்ணிக்கையில் இருந்தால் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிடும். சமமில்லாததால் மொத்த எண்ணிக்கையில் ஒரு சிறு மாறுதல் மிஞ்சும். அந்த மாறுதலிலிருந்து மேகத்தின் வோல்டேஜைக் கணக்கிடலாம்.

2014 டிசம்பர் 1ஆம் தேதி ஊட்டி மேலே ஓர் இடிமேகம் கடந்து போனது. மியூவான் எண்ணிக்கை 2 சதவீதம் குறைந்தது. 18 நிமிடத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. நூற்றுக்கு இரண்டு என்பது, நிமிடத்துக்கு நூறு துகள் எண்ணும் கருவியில் இரைச்சலோடு இரைச்சலாகக் காணாமல் போயிருக்கும். 25 லட்சம் எண்ணும் கருவியில் பளிச்சென்று தெரிந்தது. ஆயிரக்கணக்கில் குழாய் செய்யக் கற்றுக்கொண்டதன் பலன் அங்கேதான் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது வந்த விடை 130 கோடி வோல்ட். நம் வீட்டுக்கு வருவது 230. பி. ஹரிஹரன் முதல் ஆசிரியராகவும் சுனில் குப்தா முதலியோர் உடன் ஆசிரியர்களாகவும் எழுதிய கட்டுரை 2019 மார்ச்சில் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வந்தது. வில்சன் சொன்ன அளவை எட்டிய முதல் அளவீடு, சொல்லி 90 வருடம் கழித்து.

ஸ்ரீகண்டன் அதே 2019ஆம் ஆண்டு அக்டோபரில் பெங்களூரில் காலமானார். மேகத்தின் செய்தி வெளிவந்தபோது அவர் உயிரோடு இருந்தார். ஊட்டியில் மியூவான் கூடத்தின் பரப்பை இரட்டிப்பாக்கும் வேலைக்கு மேலும் ஆயிரக்கணக்கில் குழாய்கள் தேவைப்பட்டன. அவற்றை அங்கேயே, மலைமேல், தங்கள் பட்டறையில் செய்தார்கள்.